ரமிரோ அங்கிளுக்கு நான் வேடம் கொடுத்த வரலாறு

அன்புள்ள மகனுக்கு,

உற்றார், உறவினர், நண்பர்கள் மற்றும் இன்னும் பிறக்காதோர் அனைவருக்கும் அறியத்தருவது யாதெனில், யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் மெல்பேர்ண் கிளேட்டனை வதிவிடமாகவும் கொண்ட உன் தகப்பனாரின் மேலுதட்டில், இன்று ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியளவில், மூன்றாவது மீசைமயிர் முளைத்துள்ளது. அன்னார், முன்னர் முளைத்த இருவரின் பாசமிகு இளைய சகோதரர் ஆவார். பார்வையிட விரும்புவோர் நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் நின்று பார்க்கவும். இவ்வறிவித்தலை அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

எனக்குப் பதினாறு வயது. நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யாரென்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. இருந்தும் இந்தக் கடிதத்தை இப்போதே எழுதக் காரணம் உண்டு. நான் எதற்காவது வாய் திறந்து புத்தி சொன்னால் என் அப்பா, அதாவது உன் அப்பப்பா, "முதல்ல மீசை முளைக்கட்டும்" என்பார். முளைத்துவிட்டது. அவர் இனியும் கேட்கப் போவதில்லை. ஆகவே நீ கேள். இதை வாசிக்கும்போது உனக்கு இருபது, இருபத்தைந்து வயதாகியிருக்கும், என்னைவிட மூத்தவனாக இருப்பாய். அதற்காக உன்னை அண்ணை என்று கூப்பிட முடியாது. நான் தகப்பன், நீ மகன். வயது ஒரு பிரச்சினையே இல்லை.

இன்னொரு காரணம், நேற்று ரமிரோ அங்கிள் சிட்னிக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி உனக்குச் சொல்லாமல் விட்டால், பிற்காலத்தில் வேறு யாராவது சொல்லி, என் பங்கைக் குறைத்துவிடுவார்கள். முழுப் பங்கும் என்னுடையது என்பதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். குடியேறி வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய நாடகத்துக்கு, நாற்பது வருஷம் மேடையில் நின்ற ஒரு தென்னமெரிக்க நடிகரைத் தேர்ந்தெடுத்தவன் உன் அப்பன். நான் வாழ்க்கையில் தேறிய தேர்வு அது ஒன்றுதான். அதையும் ஒரு பொய்க் கடிதத்தால் செய்தேன். அது பொய் என்று அந்தப் பெரிய நடிகருக்கு இந்த நிமிடம் வரை தெரியாது. ஒரு நடிகரை நடித்தே ஏமாற்றுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பார், மகனே. யோசித்துவிட்டு வா, நான் காத்திருக்கிறேன்.

ரமிரோ அங்கிள் எங்கள் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைப்பவர். பிறந்த நாடு சிலி. வரைபடத்தில் தென்னமெரிக்காவின் ஓரமாக, செத்தல் மிளகாய் போல நீண்டு கிடக்கும். அங்கே தலைநகரத்தில் பெரிய நாடகக் கொட்டகை ஒன்றில் அரசனாகவும் பிச்சைக்காரனாகவும் பாதிரியாகவும் நடித்தவர். இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். அறுபது வயது கடந்த பிறகு, மனைவியோடும் இரண்டு பெட்டிகளோடும் இங்கே வந்து சேர்ந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த கதை. அப்போது எனக்குத் தெரிந்தது பின்னேரம் மூன்றரை மணிக்குத் வகுப்புகளைக் கூட்டத் தும்புத்தடியோடு வருகிற ஒரு கிழவரைத்தான். குறும்பு செய்ததற்காகப் பள்ளி முடிந்த பிறகும் என்னை வகுப்பில் இருத்திவைப்பார்கள், கிழமைக்கு மூன்று நாளாவது. அதனால் அவரும் நானும் ஒரே நேரத்து ஊழியர்கள் மாதிரி. நான் அவருக்குத் 'தும்புத்தடித் துரை' என்று பெயர் வைத்தேன். அவர் கூட்டி முடித்த இடத்தில் தோடம்பழத் தோலைப் போட்டேன். அவருக்குப் பின்னால் அவரைப் போலவே கூனி நடந்து, கூட இருந்தவர்களைச் சிரிக்க வைத்தேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. எழுதாமல் விட்டால் இதற்குப் பிறகு வருவது உனக்கு விளங்காது.

ஒரு நாள் அவர் திரும்பிப் பார்த்தார். தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நடைபாதையின் அந்தத் தொங்கலில் இருந்து இந்தத் தொங்கல் வரை நடந்தார். முதலில் எங்கள் உப அதிபராக நடந்தார், திறப்புக் கொத்துக் கிலுங்குகிற சத்தம்கூடக் கேட்டது, ஆனால் அவர் கையில் திறப்பு இல்லை. பிறகு என் கூட்டாளியாக நடந்தார். கடைசியில் நானாக நடந்தார். இடது தோளைச் சற்றே தாழ்த்தி, பையைத் தொடையில் இடிக்கவிட்டு, ஒவ்வொரு நாலாவது அடிக்கும் ஒரு சின்ன அவசரம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நடை எனக்குத் தெரியும். பின்னேரம் ரயிலால் இறங்கி, கிளேட்டன் ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு வருகிற அப்பாவின் நடை அது. அப்பாவை அவர் கண்டதே இல்லை. என்னைப் பார்த்தே அவரைப் பிடித்துவிட்டார்.

இனி அப்பாவின் நாடகத்துக்கு வருகிறேன். எங்கள் நகரசபை, வெளிநாடுகளில் இருந்து வந்து குடியேறியவர்களுக்காக ஒரு பின்னேர விழா வைத்தது. கிரேக்கர் ஆடுவார்கள், இத்தாலியர் பாடுவார்கள். தமிழர் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அப்போது இந்தப் பக்கம் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர்களை எண்ணத்தான் விரல் காணாது. கூட்டத்தில் அப்பா எழும்பி, நான் ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன் என்றார். ஆங்கிலத்தில், மூன்று மாதமாக, குசினி மேசையில் இருந்து எழுதியிருந்தார். கதை இதுதான்: யாழ்ப்பாணத்தில் தலைமை ஆசிரியராக இருந்த ஒருவர் குடும்பத்தோடு இங்கே வருகிறார். வேலை கிடைக்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கப் போகிறார். வீட்டிலோ, கந்தோரில் மேசை வேலை என்று சொல்லியிருக்கிறார். கடைசிக் காட்சியில் மகள் அவரை மொப்போடு கண்டுவிடுகிறாள். மகளாக நடிக்க என் அக்கா சம்மதித்தாள். தகப்பனாக நடிக்கத்தான் ஆள் இல்லை.

ஆள் இல்லை என்றால், நடிக்க ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் மொப்பைப் பிடிக்க ஒருவரும் இல்லை. முதலில் வந்தவர், அந்த வாத்தியார் நிலம் துடைக்க வேண்டாம், துடைப்பவர்களை மேற்பார்வை செய்யட்டும் என்றார். அவர் விலகி, அடுத்து வந்தவர் மேற்பார்வையாளரைக் கணக்காளராக உயர்த்தினார். மூன்றாவதாக வந்தவர் டொக்டர் அங்கிள். எங்கள் எல்லாருக்கும் மருந்து எழுதித் தருகிறவர், சங்கத் தலைவர், ஆகவே அப்பாவின் தலைவலி. அவர் நாடகத்தை முழுவதுமாக வாசித்துவிட்டு, அப்பாவின் தோளில் கைபோட்டுச் சொன்னார். "உங்கட வாத்தியார் ஆஸ்பத்திரியிலயே வேலை செய்யட்டும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனா மொப்போட வராமல் ஸ்டெதஸ்கோப்போட வரட்டும்."

"அப்ப நாடகம் எதைப் பற்றி, டொக்டர்?"

"முன்னேற்றத்தைப் பற்றி."

அப்பா சிரிக்கவில்லை. டொக்டர் அங்கிளும் பகிடிக்குச் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். யாராவது படம் எடுப்பார்கள், படம் ஊருக்குப் போகும், அங்கே நாடகம் என்று யார் பார்க்கப் போகிறார்கள், மெல்பேர்ணில் டொக்டர் கூட்டித் துடைக்கிறாராம் என்றுதான் கதை பரவும் என்று அவர் பயந்தார். இந்தப் பயத்தை வேறு நாட்டுக்காரருக்கு விளங்கப்படுத்தவே முடியாது, மகனே. உனக்கு விளங்கும். விளங்காவிட்டால் நீ என் மகன் இல்லை. அப்பா நாடகத்தைக் கொண்டுபோய் அலுமாரிக்குள், போர்வைகளுக்குக் கீழே வைத்தார்.

இந்த இடத்தில்தான் நான் மேடைக்கு வருகிறேன். அப்பாவின் முகம் கொஞ்சம் மாறவேண்டும், வீட்டில் ஒரு சிரிப்பு வேண்டும் என்று நினைத்தேன் என எழுத ஆசைதான். உண்மையில் எனக்குப் பொழுது போகவில்லை. சங்கத்தின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, அப்பாவின் தட்டச்சில் ஒரு கடிதம் அடித்தேன். மதிப்புக்குரிய ஐயா, தங்கள் புகழ் எங்கள் செவிகளை எட்டியது, எங்கள் குழு ஏகமனதாகத் தங்களைக் கதாநாயகனாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது, வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு இந்த முகவரிக்கு எழுந்தருளவும். அவர் சுத்தம் செய்பவர், நான் எழுதியது சுத்தப் பொய். அடியில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டேன். அது என் தலையெழுத்தாகும் என்று தெரியாமல் தபாலில் சேர்த்தேன். பள்ளிக்கூடம் கூட்டுகிற ஆள் கதவைத் தட்டி, எங்கே என் வேடம் என்று கேட்கும்போது அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்று பார்ப்பதுதான் என் திட்டம். அந்த ஆளின் முகம் எப்படிப் போகும் என்று நான் நினைக்கவே இல்லை. பகிடி விடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற பிழை இது. நீ என்னைப்போல இருந்தால் நீயும் செய்வாய், எனவே சொல்லிவைக்கிறேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு மணி அடித்தது. கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கண்ணாடி போல மின்னும் சப்பாத்து. அதற்குள் ரமிரோ அங்கிள். பக்கத்தில் அவர் மனைவி எலேனா அன்ரி, கையில் துணியால் மூடிய ஒரு தட்டு. அப்பா சாரத்தோடு நின்றவர் உள்ளே ஓடிக் காற்சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். யார் இவர்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம், அவர் சாப்பிட்டுக் குடித்து முடிக்கும் முன் வந்த சோலி என்னவென்று எங்கள் வீட்டில் கேட்கமாட்டார்கள். ரமிரோ அங்கிளோ, அழைத்தவர் பேச்சைத் தொடங்கட்டும் என்று காத்திருந்தார். இப்படியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. அப்பா மழையைப் பற்றிப் பேசினார். அங்கிள் வெயிலைப் பற்றிப் பேசினார். அன்ரியின் தட்டில் இருந்த, இறைச்சி வைத்து மடித்துப் பொரித்த பலகாரத்தைக் கடித்துப் பார்த்த அம்மா, இது எங்கட பற்றிஸ் எல்லோ என்றார். பிறகு குசினிக்குப் போய்த் தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று அம்மா தமிழில் எங்களிடம் சொன்னபோது, அன்ரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர்களின் மொழியிலும் குசினிக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். அதன்பிறகு அம்மாவும் அன்ரியும் வீடு முழுக்க நடந்து மேசையைத் தொட்டார்கள், அலுமாரியைத் தொட்டார்கள், சப்பாத்தைக் காட்டினார்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மொழியிலும் ஒரே மாதிரிப் பெயர் வர, கை கொட்டிச் சிரித்தார்கள். நான் வாசல் நிலையில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன்.

அன்ரி வந்து உட்கார்ந்ததும் அங்கிள் ஒரு பழைய ஆல்பத்தை அப்பாவின் மடியில் வைத்தார். முடி சூடிய அரசன், குருட்டுக் கிழவன், தூக்குமேடைக்குப் போகிற பாதிரி, ஒரு பக்கத்தில் கிழவி. எல்லாம் ஒரே ஆள் என்று நம்பவே முடியாது. அப்பா முதலில் மரியாதைக்காகப் புரட்டினார். போகப்போக ஒவ்வொரு தாளும் புரள நேரமெடுத்தது. கடைசித் தாள் முடிந்ததும், அங்கிள் கோட்டின் உட்பையில் இருந்து என் கடிதத்தை எடுத்து, மடிப்பு நீவி, ஆல்பத்தின் மேல் வைத்தார். அவர் பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் தருகிறேன், உடைந்த இடங்களை நான் ஒட்டியிருக்கிறேன். "அழைத்தீர்கள். வந்திருக்கிறேன்" என்றார். எலேனா அன்ரி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா கடிதத்தை ஒருதரம் வாசித்தார். கீழே தன் கையெழுத்தைக் கண்டார். எழுந்து வந்து என் செவியைத் திருகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், கஷ்டமான பதில் எதையும் அவர் அப்படித்தான் தொடங்குவார். என்னை ஒரேயொரு தரம் பார்த்தார். பிறகு ரமிரோ அங்கிளிடம் திரும்பினார்.

"ஆம், நான்தான் எழுதினேன். நீங்கள் வராமல் விட்டுவிடுவீர்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்."

எலேனா அன்ரி கணவரின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா ஒன்றும் விளங்காமல் எல்லாருக்கும் இன்னும் தேத்தண்ணி ஊற்றினார்.

அவர்கள் போன பிறகு அப்பா அடிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து நாடகத்தை வெளியே எடுத்து என் கையில் தந்தார். "ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் முடிய அவரோட இருந்து வசனத்தைப் பழக்கு. இந்தக் கடிதம் பொய்யெண்டு அந்த மனிசனுக்கு ஒருக்காலும் தெரியக்கூடாது. தெரிஞ்சா நான் உன்னோட கதைக்கமாட்டன்." அடித்திருந்தால் எவ்வளவோ நல்லது. அப்பா கதைக்காத வீட்டில் ஒரு கிழமை இருந்து பார்த்தவன் நான். குழுக் கூட்டத்தில் டொக்டர் அங்கிள் குதித்தார். யாழ்ப்பாணத்துத் தலைமை வாத்தியாராக ஒரு ஸ்பானிஷ்காரன் வந்தால் யார் நம்புவார்கள் என்று கேட்டார். அப்பா மிகவும் தாழ்மையாக, "நீங்கள் மொப் பிடிப்பியளோ, டொக்டர்?" என்று மட்டும் கேட்டார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

அப்படித்தான் நான் ஒரு மாபெரும் நடிகரின் ஆசிரியன் ஆனேன். வெறும் வகுப்பில், கதிரைகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, அவர் கூட்டக்கூட நான் வசனம் சொல்லிக் கொடுப்பேன். அவர் என்னிடம் உச்சரிப்புக் கேட்டதைவிட மற்றவை கேட்டதுதான் அதிகம். இந்த மனிதன் வீட்டை விட்டு இறங்கும்போது எந்தக் கையால் கதவைச் சாத்துவான். பெண்சாதிக்குப் பொய் சொல்லும்போது முகத்தைப் பார்ப்பானா, பார்க்கமாட்டானா. எனக்கு எதற்கும் பதில் தெரியாது. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் சும்மா இருந்து அப்பாவைப் பார்ப்பார். அப்பா பத்திரிகை மடிப்பதை, படிக்கட்டில் சப்பாத்தைக் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்து வைப்பதை, அம்மா கூப்பிட்டால் பதில் சொல்லும் முன் விடுகிற மூச்சை. நான் ஒரு பாடப் புத்தகத்தையும் அப்படிப் படித்ததில்லை. பதினாறு வருஷம் கூடவே இருந்த எனக்கு அப்பா தேத்தண்ணியைக் குடிக்கும் முன் கோப்பையின் விளிம்பைப் பெருவிரலால் துடைப்பார் என்பது, அவர் செய்து காட்டியபோதுதான் தெரிந்தது.

நாடகத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, மண்டபத்தில் எல்லாரும் நிற்க, அவர் மொப்பை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார். எனக்கு இது பழகிய வேலை, ஆனால் உங்கள் வாத்தியாருக்கு இது முதல் கிழமை, அவருக்கு வெட்கம், அவர் இதை எப்படிப் பிடிப்பார் என்று கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. மொப்பை வாங்கினார். கதவுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நின்றார். இரண்டு தரம் பிழிந்து, பின்பக்கமாக நடந்து நிலத்தைத் துடைத்தார். நாலு அடிக்கு ஒருக்கால் கதவைப் பார்த்தார். யாரோ வருகிற சத்தம் கேட்டது போல நின்று, மொப்பைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து, சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து விரித்து, ஏதோ கந்தோர் அலுவலாக வந்தவர் போல அதை வாசித்தார். ஆள் கடந்து போனதும் மடித்து உள்ளே வைத்தார். அப்போதுதான் நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

அம்மா நிலத்தைப் பார்த்தார், அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரமிரோ அங்கிள் மட்டும், "எவ்வளவு காலம்?" என்று கேட்டார்.

"எட்டு மாதம்" என்றார் அப்பா.

மகனே, நாங்கள் வந்த புதிதில் அப்பா காலையில் டை கட்டிக்கொண்டு, பெட்டியோடு, வரைபடக் கந்தோருக்குப் போகிறேன் என்று போவார். ஊரில் அவர் பொறியியலாளர். பின்னேரம் வந்ததும் இன்றைக்கு என்ன வரைந்தீர்கள் என்று கேட்பேன். பாலம் என்பார். எனக்கு நம்பிக்கை வரவேண்டும் என்று ஒரு தாளில் கீறியும் காட்டுவார். எத்தனையோ பாலங்கள். நான் அவற்றை ஒன்றுகூட எறியவில்லை, என் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. எந்த ஆற்றுக்கும் மேலால் போகாத அந்தப் பாலங்களை, இந்தக் கடிதம் கிடைக்கும் நாளில் உனக்குத் தருவேன்.

அடுத்து வாய் திறந்தவர் டொக்டர் அங்கிள். இரண்டு தரம் இருமிவிட்டு, "அந்த சூப்பர்வைசர் வேசம்… இன்னும் இருக்கோ?" என்று அப்பாவைக் கேட்டார். இருந்தது. ஒரேயொரு வசனம்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. கிரேக்கர் ஆடி முடித்த வியர்வையோடு முன்வரிசையில் இருந்தார்கள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். ரமிரோ அங்கிள் மேடைக்குள் நடந்து வந்தபோது அவர் உச்சரிப்பு ஸ்பானிஷாக இருந்ததா, தமிழாக இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. தோள் அப்பாவின் தோள், மூச்சு அப்பாவின் மூச்சு. கடைசிக் காட்சியில் அக்கா சாப்பாட்டுப் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குள் வருகிறாள். அதே நேரம் சூப்பர்வைசர் வந்து, இன்னும் ஈரம் காயவில்லையே கிழவா என்று அதட்டவேண்டும். டொக்டர் அங்கிள் வந்தார், வாயைத் திறந்தார், அந்த ஒரு வசனமும் பறந்துவிட்டது. மண்டபம் காத்திருந்தது. ரமிரோ அங்கிள் அவசரப்படவில்லை. விருந்தாளிக்குக் கதிரை கொடுப்பது போல, மொப்பை மிக மரியாதையாக டொக்டர் அங்கிளின் கையில் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார். பிறகு ரமிரோ அங்கிள் கையைக் காற்சட்டையில் துடைத்தார், கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், மகளை நிமிர்ந்து பார்த்தார். அக்காவுக்கு அரைப் பக்கத்துக்கு வசனம் இருந்தது. அவள் அதையெல்லாம் விட்டுவிட்டுத் தமிழில், "அப்பா" என்றாள். அது நாடகத்தில் இல்லை. முன்வரிசையில் கறுப்பு உடுத்த கிரேக்க அம்மாக்கள் அதை எப்படி விளங்கிக்கொண்டார்களோ தெரியாது, கைக்குட்டையைத் தேடினார்கள். என் அப்பா எனக்கு எதிர்ப்பக்கத் திரைக்குப் பின்னால், யாருக்கும் வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டியில்லாமல், தாள்களை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். டொக்டர் அங்கிள் திரை விழும் வரை மொப்போடு நின்றார். யாரோ படம் எடுத்தார்கள். பிறகு அவரே கேட்டு இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை ஊருக்கு அனுப்பினார்.

அன்று மண்டபத்தில் இருந்த ஒருவர், சிட்னியில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நாடகம் போடும் குழுவுக்குச் சொல்ல, அங்கிருந்து அழைப்பு வந்தது. அங்கே லிட்கம் என்ற இடத்தில், எலேனா அன்ரியின் மருமகள் வீட்டில் ஓர் அறையும் கிடைத்தது. நேற்றுக் காலை சாமான் ஏற்றும்போது நானும் போனேன். நான் கண்டெடுத்த நடிகர் என்று அந்தத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு புத்தகப் பெட்டி தூக்கினேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாமா என்று காலையில் இருந்து யோசித்தேன். மேலே நான் அடித்த தம்பட்டம் எல்லாம் இதனால் கெட்டுப்போகும். போகட்டும்.

சாமான் ஏற்றிய வானுக்குப் பின்னால் என்னைத் தனியே கூப்பிட்டு, ரமிரோ அங்கிள் நாலாக மடித்த ஒரு தாளைத் தந்தார். கொப்பியில் கிழித்த தாள். அதில் அப்பாவின் கையெழுத்து, பதினொரு தரம், என் பேனாவால். நான் கணக்குப் பாடத்தில் இருந்து பழகிவிட்டு, கசக்கி வகுப்புக் குப்பைக்கூடையில் போட்ட தாள். கூடவே கடிதத்தை நான் முதலில் கையால் எழுதிப் பார்த்த தாள்களும் கிடந்தனவாம். அந்தக் கூடையை ஒவ்வொரு நாளும் யார் கொட்டுகிறார்கள் என்று உன் புத்திசாலித் தகப்பன் ஒரு நிமிடமாவது யோசித்திருந்தால்தானே.

"ஏழாவது நன்றாக வந்திருக்கிறது" என்றார். "அதற்குப் பிறகு நீ அளவுக்கு மிஞ்சி நடித்துவிட்டாய்."

கடிதம் தபாலில் வருவதற்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரியும். அப்படியென்றால் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் கடிதம் வந்திருக்கிறது. எலேனா அன்ரி அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் வாசித்து, பெட்டிக்குள் கிடந்த கோட்டை எடுத்து, அங்கிள் வீடு வரும்போது இஸ்திரிப்பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார், பாடிக்கொண்டு. இந்த நாட்டுக்கு வந்து அன்ரி பாடி அங்கிள் அன்றுதான் கேட்டாராம். அன்ரியிடம் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டு வாசலில் தன்னை அவமானப்படுத்தினாலும் பரவாயில்லை, திரும்பும் வழியில், வேடம் சின்னது, நான்தான் வேண்டாம் என்றேன் என்று அன்ரியிடம் சொல்லிவிடலாம் என நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த வசனத்தை வரும்போதே மனதுக்குள் பழகியும் வைத்திருந்தாராம். அது தேவைப்படவில்லை.

"நாற்பது வருஷத்தில் எத்தனையோ பேரோடு நடித்திருக்கிறேன்" என்றார். "உன் அப்பாவைப் போல, ஒத்திகை இல்லாமல் அப்படி ஒரு வசனத்தை என்னிடம் யாரும் சொன்னதில்லை. நான் திரும்ப என்ன சொல்வது என்றே தெரியாமல் இருந்துவிட்டேன்."

ஆக, நான் யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் வேடம் கொடுக்கவில்லை. பொய்யென்று தெரிந்து ஒருவர் வந்தார், பொய்யென்று தெரிந்து ஒருவர் வரவேற்றார், இருவரும் மற்றவர் மனம் நோகக்கூடாதென்று அதை உண்மையாக்கிவிட்டார்கள். அப்பா இதை வாசித்தால் வாசிக்கட்டும், அன்றைக்கு அவர் சொன்னது, எல்லாம் தெரிந்த ஒருவரிடம்தான் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளட்டும். எலேனா அன்ரிக்கு மட்டும் தெரியக்கூடாது என்று அங்கிள் கேட்டுக்கொண்டார். அன்ரி அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார். சாமான்களோடு அதை ஏற்ற விடவில்லை, மடியில் வைத்துக்கொண்டுதான் சிட்னிக்குப் போனார். அதனால்தான் இதை அவருக்கு விளங்காத மொழியில் எழுதுகிறேன்.

நீ பெரியவனாகி எப்போதாவது அவர்கள் வீட்டுப் பக்கம் போனால், அது சுவரில் தொங்கும். யார் எழுதியது என்று அன்ரி பெருமையாகக் காட்டுவார். கையெழுத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, ஓம், எங்கட அப்பப்பாவின்ர கையெழுத்துத்தான் என்று சொல். சிரிக்காமல் சொல்.

இங்ஙனம்,
அந்த அறையில் அன்று ஒன்றும் விளங்காமல் நின்ற
உன் அப்பா